வாசலில் கொக்கு நின்ற வருஷம்

போன வாரம் பத்திரிகையில் நான் எழுதி வந்ததைப் படித்துவிட்டு சரசு போன் பண்ணினாள். சரசு என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நாத்தனார். “ஊர்ல எல்லார் வண்டவாளத்தையும் எழுதற. அந்தக் கொக்கு வந்தத மட்டும் ஏன் அண்ணி எழுதல?” என்றாள்.

எழுதாததற்குக் காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை. ஆனால் அவளே கேட்டுவிட்டாள், இனி தப்பிக்க முடியாது.

அன்றைக்கு அப்போதுதான் பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. சாணி கரைத்த வாளியோடு வாசல் கதவைத் திறந்தேன். எதிரே ஐந்து கொக்கு. கழனியில் இல்லை, எங்கள் வாசலில், தெருவுக்கு இறங்குகிற வழியில் நின்றுகொண்டிருந்தன.

வழியும் அங்கே இல்லை, தண்ணீர்தான் இருந்தது. மேலிருந்து கீழே படிப்படியாக ஆறு பாத்தி, ஆறிலும் தண்ணீர், தண்ணீருக்குள் ஆகாசம். ஒரு கொக்கு காலைத் தூக்கி வைத்தால் ஒரு பாத்தி ஆகாசம் சுருங்கி விரிந்தது. சேற்று வாசனையும் என் கையிலிருந்த சாணி வாசனையும் சேர்ந்து வந்தது. வாளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். வயசாகிவிட்டது, நேற்று சாப்பிட்டது மறந்துபோகிறது. அந்தத் தண்ணீர் மட்டும் சில நாள் கண் முழிக்கும்போதே வந்து நிற்கிறது.

“இன்னா அண்ணி பாத்துக்கினு கீற?” என்று உள்ளேயிருந்து சரசு கேட்டாள்.

“நம்ம வாசல்ல கொக்கு வந்து நிக்குதுடி.”

கைகளை ஊன்றி நகர்ந்து வந்து, என் கால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். “மெய்யாலுமே கொக்குதான். எனக்கு வழி போடறேன்னு சொல்லிட்டு அண்ணன் கொக்குக்குப் போட்டு குடுத்துட்ச்சி.”

ரெண்டு பேரும் சிரித்தோம். சத்தம் கேட்டு அத்தனையும் எழும்பி ஏரிப் பக்கம் போய்விட்டன. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

மேட்டு வீடு

எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் பஜார் ரெண்டு மைல். ஏரிக்குக் கீழே ஊர். என் மாமனார் வீடு கட்டுவதற்கு முந்தின வருஷம் ஏரி நிரம்பித் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியதாம். மனுஷன் பயந்துபோய், வண்டி வண்டியாக மண் அடித்து, மார் உயரத்துக்கு மேடாக்கி, அதன் மேல் ஓட்டு வீடு கட்டினார். அதற்கப்புறம் தண்ணீர் தெருவுக்கு வரவே இல்லை. மேடு மட்டும் நின்றுவிட்டது.

தெருவிலிருந்து வருகிறவர்கள் நாற்பது அடி சமதரையில் நடந்து, கடைசிப் பதினெட்டு அடிக்குள் மார் உயரம் ஏறியாக வேண்டும். மாட்டு வண்டி ஏறாது. நெல் மூட்டை ஆள் தலையில்தான் ஏறும். கல்யாணமாகி வந்த அன்றைக்கு ஆரத்தித் தட்டையே பார்த்துக்கொண்டு ஏறின நான், பாதியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. “ரோட்டு மேஸ்திரி பொண்ணுக்கு மேடு ஏறத் தெரியல” என்று கூட்டத்தில் ஒரு குரல் சொன்னதே, அதுதான் உறைத்தது.

என் அப்பா தென்னேரிப் பக்கம் ரோடு போடுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. எங்களுக்குச் சோறு போட்டது கல்லும் சரளையும்தான். இவர்கள் கழனிக்காரர்கள். சேற்றில் நிற்பது கௌரவம், தாரில் நிற்பது கேவலம் என்று நினைக்கிற ஜனம். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். வாயை மூடிக்கொள்வேன், வருஷக்கணக்கில் மூடிக்கொள்வேன். அது என் வியாதி.

சரசுக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம். முட்டிக்குக் கீழே ரெண்டு காலிலும் பலம் கிடையாது. அரசாங்கத்தில் ஒரு மூணு சக்கர வண்டி கொடுத்தார்கள், கையால் பெடல் சுற்றி ஓட்டுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் மேல் கட்டி எடுத்து வந்தோம். சமதரையில் அவள் சுற்றினால் நான் கூட ஓட வேண்டும், அத்தனை கைபலம். எங்கள் மேட்டில் மட்டும் ஒன்றும் நடக்காது. இறங்கும்போது நான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏறும்போது தள்ள வேண்டும்.

முதல் வருஷம் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. நேருக்கு நேர் ரெண்டு வார்த்தை பேசினால் மூணாவது வார்த்தை சண்டை. ஆனால் வண்டி தள்ளும்போது என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. அதனாலேயோ என்னவோ பேச்சு வந்தது. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதைப் பற்றி என் அம்மாவிடம்கூட நான் வாய்விட்டு அழுததில்லை. அந்த மேட்டில்தான் அழுதேன். பெரியப்பா மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தன்னை மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் உட்கார வைத்ததை அவள் அங்கேதான் சொன்னாள்.

பேச்சு நீண்டால் பாதி மேட்டில் வண்டியை நிறுத்திவிடுவோம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கருங்கல் வைத்திருந்தேன், தேங்காய் அளவு இருக்கும். அதை வைத்துவிட்டுக் கைப்பிடியில் சாய்ந்துகொள்வேன். பக்கத்து வேம்பு பூக்கிற காலத்தில் அவள் தலையெல்லாம் பூ விழும். ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே பேசுவேன். உள்ளே சோறு அடிப்பிடிக்கிற வாசனை வருகிற வரைக்கும் நிற்போம். எங்கள் ரெண்டு பேர் பிழைப்பும் அந்தப் பதினெட்டு அடியில்தான் ஓடியது.

கை மிஷின்

சரசு நன்றாக ஜாக்கெட் தைப்பாள். அவள் தைத்த ஜாக்கெட் ஒன்று எப்படியோ உத்திரமேரூர் பஜாரில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாய் கண்ணில் பட்டது. கூப்பிட்டு அனுப்பினார். பெண்களுக்கு அளவெடுக்க ஒரு பெண் வேண்டுமாம். காலால் மிதிக்காமல் கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று அவர் கடையில் சும்மா கிடந்தது.

நாங்கள் ரெண்டு பேரும் போனோம். பாய் நல்ல மனுஷன், வார்த்தையில் கறார்.

“தீவாளி நெருங்கினா மூச்சு வுட நேரம் இருக்காதும்மா. ஐப்பசி பொறந்ததும் வந்துடு. தெனம் ஒம்போது மணிக்கு மிஷின்ல இருக்கணும். யாராச்சும் கொணாந்து வுட்டாத்தான் வருவேன்னா எனக்கு பேஜாரு. அந்த எடத்துல வேற ஆளப் போட்டுக்குவேன்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் சரசு வேகம் குறையாமல் பெடலைச் சுற்றினாள். மேட்டடிக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினாள்.

“நடவுன்னா நீ கழனிக்குப் போயிடுவ. அண்ணன் அதுக்கு மின்னாடியே போயிடும். நான் வூட்டு மேல ஒக்காந்துகினு தெருவப் பாத்துக்கினு கெடக்கணும். இத்த நான் தனியா எறங்கணும் அண்ணி. தனியா ஏறணும். அவ்ளோதான் எனக்கு வோணும்.”

“அவ்ளோதானே, பண்ணிடலாம்” என்று நான் சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ இறங்கினது. அது என்னவென்று அப்போது பார்க்கவில்லை, தள்ள ஆரம்பித்துவிட்டேன்.

அவருக்குத் தெரிந்த வழி

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழனியை மட்டம் பார்ப்பதில் எங்கள் பக்கத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை. தண்ணீர் கட்டிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார், எந்த மூலையில் ரெண்டு விரல் மேடு என்று சொல்லிவிடுவார். தங்கை கேட்டதும் மனுஷன் உருகிவிட்டார். புரட்டாசி வேலையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

மேட்டைக் கொத்தி, கீழே சமதரையில் பரப்பி, பதினெட்டு அடியில் இறங்கினதைத் தெரு வரைக்கும் அறுபது அடிக்கு நீட்டினார். அதுவரைக்கும் அருமை. அப்புறம் மேடு பள்ளம் இல்லாமல் நிரவ வேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

வழியை ஆறு பாத்தியாகப் பிரித்தார், ஒன்றுக்கு ஒன்று ஒரு சாண் இறக்கம். வரப்பு கட்டினார். பம்ப்செட்டிலிருந்து தண்ணீரைத் திருப்பினார். மாட்டை விட்டு மிதிக்கவைத்து, நடவுக்குச் செய்கிற மாதிரியே சேறாக்கிச் சேடை ஓட்டினார். கடைசியில் சேற்றை மட்டமாக்குகிற பரம்புப் பலகையில் தானே ஏறி நின்று மாட்டை இழுக்கவைத்தார். எங்கள் வாசல் கழனியாகிவிட்டது.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர் வீட்டு கன்னியப்பன், “மாமா, எங்கிட்ட நாத்து மீதி கீது. வாசல்ல நட்டுக்கிறயா?” என்று கேட்டான். இவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் அசைவதை நிறுத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. அன்று சாயந்திரம் சூரியன் இறங்க இறங்க, ஆறு பாத்தித் தண்ணீரிலும் பட்டு வெளிச்சம் வீட்டுக்குள் வந்தது. வராத இடமெல்லாம் வந்தது. ஓட்டுக்கு அடியில் இருக்கிற மரச்சட்டங்களில் வெளிச்சம் நெளிந்தது. நெல் குதிர் மேல், சரசுவின் துணி மூட்டை மேல், என் கைமேல் நெளிந்தது. நாங்கள் மூணு பேரும் விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீருக்கு அடியில் குடியிருக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் காலையில்தான் கொக்கு வந்தது.

இப்போது சொல்கிறேன். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியும். சேடை ஓட்டுவது எதற்கு? தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்பதற்கு. ரோடு அப்படி இல்லை. “தண்ணி அது மேல ஒக்காரவே கூடாது” என்று என் அப்பா சொல்லிச் சொல்லி வேலை வாங்கினதை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். காய்ந்தால் வழி இரும்பு மாதிரிதான் இருக்கும். மழை பெய்தால் மறுபடியும் கழனி.

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அச்சு வரைக்கும்

தண்ணீரை வடித்து, பாதி காய்ந்தபோது வரப்பைச் சீவி, ஒரே சரிவாக இழுத்தார். புரட்டாசி வெயில் கொளுத்தியது. சாணி போட்டு மெழுகினோம். தட்டு மாதிரி இருந்தது வழி. சரசு ஒரு சாயந்திரம் மட்டும் பத்துத் தடவை ஏறி இறங்கினாள், யாரையும் பக்கத்தில் விடாமல். கை ரெண்டும் வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். கன்னியப்பன்கூட நாற்றுப் பேச்சை விட்டுவிட்டான்.

ஐப்பசி பிறந்தது. அவள் கடைக்குப் போக வேண்டிய முதல் நாளுக்கு முந்தின நாள் பகலெல்லாம் மழை ஊற்றியது.

காலையில் விட்டிருந்தது. புதுசாக மடிப்புக் கலையாத சேலை கட்டி, டிபன் டப்பாவில் நாஷ்டா வைத்துக்கொண்டு சரசு வண்டியில் ஏறினாள். மேல் பாத்தி இருந்த இடத்தைத் தாண்டினாள். ரெண்டாவதில் முன் சக்கரம் மெதுவாக உள்ளே போனது. அவள் வேகமாகச் சுற்றினாள், பின் சக்கரங்களும் போயின. அச்சு வரைக்கும் சேறு. நான் ஓடினேன், என் கால் முழங்கால் வரைக்கும் இறங்கியது.

அவர் மாட்டைப் பூட்டி வந்து கயிறு கட்டி இழுத்தார். வண்டி வெளியே வருவதற்குள் சரசு சேற்றில் குளித்திருந்தாள். அழவில்லை, டிபன் டப்பாவை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். இழுத்த இடத்தில் தண்ணீர் ஊறி நின்றது. போரடிக்கப் போகும்போது சிந்தின நெல் அந்த ஓரமெல்லாம் ஊறி வெள்ளையாக முளை காட்டினதை இவர் பார்த்துவிட்டார். பழக்கதோஷத்தில் முகம் மலர்ந்தது. அப்புறம் தங்கையைப் பார்த்தார். பாத்திக்குள்ளேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரெண்டாம் நாள் பாய் சொல்லி அனுப்பினார். “திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல முடியாதும்மா.” அன்றைக்குப் புதன்.

கொக்கு மறுபடியும் வந்திருந்தது. நான் கல்லெடுத்து விரட்டினேன்.

செங்கல் ஜல்லி

“இத்த எல்லாத்தையும் வெட்டி எடுங்க” என்றேன் அவரிடம். “ஒரு முழம் ஆழம், சேறு ஒரு பிடி இருக்கக் கூடாது. சூளையில வெந்து உருகின கல்லு, ஒடஞ்ச கல்லு கெடக்கும், வண்டியோட போயி வாரிக்கினு வாங்க. மேல போட குன்றுப் பக்கம் சரள. ரோடு எப்பிடிப் போடறதுன்னு எனக்குத் தெரியும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். அந்த மனுஷனிடம் இருந்த பெரிய குணம் அது.

கன்னியப்பனும் கை கொடுத்தான். அவர்கள் சேற்றை வெட்டினார்கள். சரசு தரையில் சாக்குப் போட்டு உட்கார்ந்து, சுத்தியலால் செங்கல்லை ஜல்லியாக உடைத்தாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து உடைத்தேன். வண்டி சுற்றின கை அது, நான் ஒன்று உடைப்பதற்குள் அவள் மூணு உடைத்தாள். செங்கல் தூள் பறந்து அவள் புருவமெல்லாம் சிவந்திருந்தது. அவள் முகத்தை அத்தனை நேரம் நேருக்கு நேர் நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. “சரசு, இது நிக்காதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும்டி” என்றேன்.

சுத்தியல் நின்றது.

“ரோட்டு மேஸ்திரி பொண்ணு சொன்னா இவங்க இன்னா கேக்கப் போறாங்கன்னு வீம்பு. அது பாதி.” கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தேன். “மேடு போயிட்ச்சின்னா நீ எங்கூட பேச மாட்டன்னு பயம். அது மீதி.”

அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை, சிவந்தது.

“அந்தக் கல்லு எங்க?” என்றாள்.

எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை. வேம்பின் அடியிலிருந்து முட்டுக் கல்லை எடுத்து வந்தேன்.

“குழியில போடு. அப்பால நீயே குத்து.”

பழைய மேட்டின் பாதியில், எப்போதும் நாங்கள் நிற்கிற இடத்தில், அந்தக் கல்லைப் போட்டேன். மேலே ஜல்லி கொட்டினோம். தரையை இறுக்குகிற திம்மிசுக் கட்டையைத் தூக்கித் தூக்கி நான்தான் குத்தினேன், தோள் கழன்று போகிற வரைக்கும். மேலே சரளை போட்டு, நடு முதுகைத் தூக்கி, ரெண்டு பக்கமும் தண்ணீர் ஓடச் சரிவு விட்டேன். என் அப்பா பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

சனிக்கிழமை மழை வந்தது. தண்ணீர் ரெண்டு பக்கமும் பிரிந்து ஓடி, வழி கழுவின மாதிரி சிவப்பாகக் கிடந்தது. அவர் கதவண்டை நின்று பார்த்துவிட்டு, “ஒயுங்கா ஓடுதே” என்றார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த பட்டம். கொக்கு எதுவும் வரவில்லை.

சரசு மட்டும் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் கேட்டதற்கெல்லாம் சுவரைப் பார்த்தாள்.

எட்டு மணி வெயில்

திங்கட்கிழமை காலை. அதே சேலை, துவைத்து மடித்தது. அதே டிபன் டப்பா. சரசு வண்டியில் ஏறினாள். நான் கோலப்பொடி வாளியோடு வெளியே வந்தவள், வாளியை வைத்துவிட்டு, வீட்டு நிழல் முடிகிற இடம் வரைக்கும் பின்னாலேயே போனேன். அதற்கு மேல் வெயில். அங்கே வண்டியை நிறுத்தி, அவள் இறக்கத்தைப் பார்த்தாள்.

“கைய எடு அண்ணி.”

ரெண்டு நாளைக்கு அப்புறம் அதுதான் முதல் பேச்சு. திரும்பாமலே சொன்னாள்.

“நான் கைய வெக்கலடி.”

“அப்ப அது இன்னா?”

முன்னால் சிவப்புச் சரளையில் எங்கள் நிழல் விழுந்திருந்தது. வண்டி நிழலை ரெண்டு கை பிடித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன். வண்டியின் கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி நீண்டு, பிடித்திருக்கிற மாதிரியே விரல் மடங்கி நின்றன. எனக்குத் தெரியவே தெரியாது.

முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் பெடலைச் சுற்றினாள்.

சரளை நொறுங்குகிற சத்தத்தோடு வண்டி இறங்கியது. கொஞ்ச தூரத்தில், அந்தக் கல் புதைந்திருக்கிற இடத்தில், நின்றது. முட்டு எதுவும் இல்லாமல் வண்டி அப்படியே நின்றது, நகரவில்லை.

“சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன்” என்றாள், முகத்தைத் திருப்பாமல். “இங்க வந்து நில்லு. தள்றதுக்கு இல்ல. பேசணும் ஒங்கிட்ட. நெறைய திட்டணும்.”

அப்புறம் இறங்கிப் போய்விட்டாள். தெருவில் திரும்பி, உத்திரமேரூர் ரோட்டைப் பிடித்து, புளிய மரங்களுக்கு நடுவில் சின்னதாகி மறைகிற வரைக்கும் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டின கையை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தேன், எடுத்தேன். கடைசியில் வாளியை எடுத்து வந்து, வாசலில் கோலம் போட உட்கார்ந்தேன்.

மணி எட்டே கால் இருக்கும். ஆறு மணிக்கு இன்னும் ஒரு முழுப் பகல் கிடந்தது.